ஊசியா, இயந்திரமா?

தொகுதி 7: தொழில்நுட்பமும் சிக்கனமும்
வாசிப்புப் பகுதி

வாசிப்பதற்கு முன்

உங்கள் வீட்டுக் கணினி மிக மெதுவாக இயங்குகிறது. அதைச் சரிசெய்யலாமா, புதியது வாங்கலாமா என்பதை எப்படி முடிவு செய்வீர்கள்? நண்பரோடு கலந்துரையாடிவிட்டுக் கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக.

மைலோ டின்னில் இருந்த பணம்

சுங்கைப்பட்டாணியில் உள்ள ஒரு தாமான் வீடு. அதன் வரவேற்பறையில் இரண்டு இயந்திரங்கள் அருகருகே இருந்தன. ஒன்று அம்மாவின் தையல் இயந்திரம். மற்றொன்று மேசைக் கணினி. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினியை ஆறு ஆண்டுகளுக்கு முன்பு குறைந்த விலைக்கு வாங்கியிருந்தார்கள்.

அந்தக் கணினியின் வேகத்தை அம்மா தம்முடைய முறையில் அளந்து வைத்திருந்தார். விசையை அழுத்திவிட்டு உட்கார்ந்தால், ஒரு ரவிக்கைக்குக் கொக்கிகள் தைத்து முடித்த பிறகுதான் திரை தயாராகும். படிவம் நான்கில் பயிலும் மகள் வரலாற்றுப் பாட இடுபணியைச் செய்ய உட்கார்ந்தால், எழுதும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகமாக இருந்தது. படிவம் ஒன்றில் பயிலும் தம்பியோ கணினிப் பக்கமே வருவதில்லை.

மகள் கணினிக் கடையில் விசாரித்தாள். “இது பழசாகிவிட்டது. 1,800 ரிங்கிட்டுக்குப் புதியது இருக்கிறது, தவணையிலும் கட்டலாம்,” என்றார் கடைக்காரர். வீட்டில் மைலோ டின்னில் 400 ரிங்கிட் இருந்தது. அதுவும் தையல் இயந்திரத்தின் மோட்டாரைப் பழுதுபார்க்க அம்மா சேர்த்து வைத்த பணம். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதமே இருந்தது. அதற்குள் மோட்டார் நின்றுவிட்டால் அந்த ஆண்டின் பெரிய வருமானமே நின்றுவிடும். அந்த 400 ரிங்கிட்டைத் தவறான இடத்தில் செலவழிக்க அந்தக் குடும்பத்தால் முடியாது.

சனிக்கிழமை மாமா வந்தார். அவர் பினாங்கு, பாயான் லெப்பாசில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பர். செய்தியைக் கேட்டதும் அவர் கணினியைத் தொடவில்லை. அம்மாவைப் பார்த்து, “அக்கா, தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்.

“ஊசியை மாற்றிப் பார்ப்பேன். அடுத்து, நூல் சரியாகக் கோத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்காக யாராவது இயந்திரத்தையே மாற்றுவார்களா, தம்பி?”

“அதேதான், அக்கா. இந்தக் கணினிக்கு எது ஊசி என்று முதலில் கண்டுபிடிப்போம். அதற்குப் பிறகு டின்னைத் திறக்கலாம்.”

யாருக்காக யார் காத்திருக்கிறார்?

கணினிக்குள் பல பாகங்கள் இருந்தாலும், வேகத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் மூன்று. அவற்றை ஒரு ரொட்டி சானாய்க் கடையோடு ஒப்பிட்டு மாமா விளக்கினார்.

ரொட்டி வீசும் அண்ணனே மையச் செயலகம். கணக்கிடும் வேலை முழுவதும் அவருடையது. அவருக்கு முன்னால் உள்ள மேசையே நினைவகம். ரேம் என்றும் கூறுவர். உடனடியாகத் தேவைப்படும் மாவு உருண்டைகளும் எண்ணெயும் அங்கே இருக்கும். கடையின் பின்புறத்தில் உள்ள சேமிப்பு அறையே வன்தட்டு. எல்லாப் பொருள்களும் அங்கேதான் இருக்கும்; ஆனால், எடுத்து வர நேரமாகும்.

ரொட்டி வீசுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மாவு வந்து சேராவிட்டால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். அந்நேரத்தில் கடைக்காரர் இன்னும் வேகமான ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால், அவரும் பக்கத்தில் வந்து சும்மா நிற்பார். மேசை சிறியதாக இருந்தால் மற்றொரு தொல்லை. ஒரு பொருளை வைக்க இன்னொரு பொருளைச் சேமிப்பு அறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சற்று நேரத்தில் அதுவே மீண்டும் தேவைப்படும்.

ஆகவே, “எந்தப் பாகம் பழையது?” என்று கேட்பதைவிட, “எந்தப் பாகத்துக்காக மற்றவை காத்திருக்கின்றன?” என்று கேட்பதே பயன் தரும்.

ஊகிக்காமல் அளந்து பார்த்தல்

வின்டோஸ் இயங்குதளத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் பணி மேலாளர் திறக்கும். மையச் செயலகம், நினைவகம், வட்டு ஆகியவை ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு வேலையில் ஈடுபட்டுள்ளன என்பதை அது காட்டும். மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று முறை குறித்துக்கொண்டாள்.

கணினி தொடங்கியவுடன்: மையச் செயலகம் 22%, நினைவகம் 74%, வட்டு 100%.
உலாவியில் ஐந்து பக்கங்களைத் திறந்தபோது: மையச் செயலகம் 31%, நினைவகம் 93%, வட்டு 100%.
எதுவும் செய்யாமல் பத்து நிமிடம் விட்டபோது: மையச் செயலகம் 4%, நினைவகம் 61%, வட்டு 38%.

“மாமா, மையச் செயலகம் பாதி வேலைகூடச் செய்யவில்லையே!” என்றாள் மகள்.

“ஆமாம்மா. அண்ணன் சும்மா நிற்கிறார். வட்டுதான் மூச்சு வாங்குகிறது. மேசையும் நிறைந்து வழிகிறது.”

நினைவகம் நிறைந்ததும், இயங்குதளம் அதிலுள்ள தகவல்களில் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றி வைக்கிறது. தேவைப்படும்போது மறுபடியும் எடுக்கிறது. ஏற்கெனவே திணறும் வட்டுக்கு இது கூடுதல் சுமை. அந்தக் கணினியில் இருந்தது 4 ஜிகாபைட் நினைவகம் மட்டுமே. ஆகவே, அங்கே தெரிந்த இரண்டு குறைகளும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன.

வன்தட்டு ஏன் திணறுகிறது?

வன்தட்டு மின்னணுப் பொருள் மட்டுமன்று. அசையும் பாகங்களைக் கொண்ட இயந்திரமும்கூட. அதனுள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. ஒரு சிறு கை அவற்றின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் வன்தட்டில் 50 தட்டுகள் இருந்தன. அது சேமித்ததோ ஏறத்தாழ 5 மில்லியன் எழுத்துகள்தாம். அன்றிலிருந்து கொள்ளளவு மலைக்கத்தக்க அளவு பெருகியது. ஆனால், தட்டு சுழல வேண்டும், கை நகர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் மாறவில்லை.

மேசைக் கணினிகளில் உள்ள வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அதாவது, விநாடிக்கு 120 முறை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிவிநாடி ஆகிறது. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவிநாடிக்குச் சற்று அதிகமாகும். கை நகர்வதற்கு ஏறக்குறைய 9 மில்லிவிநாடி. இரண்டையும் கூட்டினால் 13 மில்லிவிநாடி. அப்படியென்றால், வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் தகவல்களில் ஒரு விநாடிக்கு 75 துண்டுகளை மட்டுமே வன்தட்டால் எடுத்துக் கொடுக்க இயலும்.

கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படும். 6,000 துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். 6,000ஐ 75ஆல் வகுத்தால் 80 விநாடி. இதில் கணக்கிடும் வேலை எதுவும் இல்லை; முழுவதும் தேடும் நேரமே.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை. நகரும் கையும் இல்லை. தகவல்கள் மின்சில்லுகளில் இருக்கின்றன. ஒரு துண்டை எடுக்க அதற்கு ஏறத்தாழ 0.1 மில்லிவிநாடி போதும். அதே 6,000 துண்டுகளுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. பழைய கணினியில் வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால், மற்ற பாகங்கள் எதையும் தொடாமலேயே கணினி புதிதுபோல இயங்குவதற்கு இதுவே காரணம்.

இந்த மாற்றத்தை மலேசியாவும் நேரில் கண்டது. இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டு பினாங்கில் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது முதல் மின்னணுத் தொழில் இந்நாட்டில் வேரூன்றியது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் வன்தட்டுகளைத் தயாரித்து வந்தது. உலகில் வன்தட்டுகளின் தேவை குறைந்துவருவதைக் காரணம் காட்டி, அத்தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018ஆம் ஆண்டு அந்நிறுவனம் அறிவித்தது. ஒரு பாகத்தின் தொழில்நுட்பம் மாறும்போது, அதைச் செய்த கைகளின் வேலையும் மாறிவிடுகிறது.

முதலில் காசு செலவாகாத வேலைகள்

குறை எங்கே என்று தெரிந்த பிறகும் மாமா கடைக்குப் புறப்படவில்லை. “காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்து முடிப்போம்,” என்றார். மகளும் தம்பியும் நான்கு வேலைகளைச் செய்தனர்.

முதலாவது, கணினி தொடங்கும்போது தாமாகவே தொடங்கும் செயலிகளை நிறுத்தினர். பணி மேலாளரின் தொடக்கப் பட்டியலில் பதினொரு செயலிகள் இருந்தன. அவற்றில் எட்டு தேவையற்றவை. நச்சுநிரல் தடுப்பு மென்பொருளை மட்டும் அவர்கள் தொடவில்லை.

இரண்டாவது, உலாவியைச் சீர்படுத்தினர். அதில் யாரோ எப்போதோ சேர்த்த ஒன்பது நீட்சிகள் இருந்தன. ஏழு நீக்கப்பட்டன. திறந்து வைக்கும் ஒவ்வொரு பக்கமும் நினைவகத்தில் இடம் பிடிக்கும் என்பதால், வேலை முடிந்த பக்கத்தை உடனே மூடும் பழக்கத்தையும் மேற்கொண்டனர்.

மூன்றாவது, பயன்படாத மென்பொருள்களையும் பெரிய காணொலிகளையும் அகற்றினர். சேமிப்பகம் விளிம்பு வரை நிறைந்திருந்தால், தற்காலிகக் கோப்புகளை எழுத இயங்குதளத்துக்கு இடம் இருக்காது.

நான்காவது வேலை தூசு தட்டுதல். கணினிப் பெட்டியைத் திறந்தபோது, விசிறியின் மேல் பஞ்சு மெத்தைபோலத் தூசு படிந்திருந்தது. தையல் அறையிலிருந்து வந்த நூல் பிசிறுகளும் அதில் சிக்கியிருந்தன. வெப்பம் வெளியேறாவிட்டால், மையச் செயலகம் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவ்வேளையில் வேகமான மையச் செயலகமும் மெதுவானதாக மாறிவிடும்.

எச்சரிக்கை: கணினியைத் திறக்கும் முன் அதை முறையாக அணைத்து, மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை வெளியேற்ற வேண்டும். தூசு தட்டும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்கக்கூடாது. மின்செருகியைக் கழற்றிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

வேலை முடிந்ததும் மகள் மீண்டும் நேரத்தைக் கணக்கிட்டாள். தொடங்குவதற்கு முன்பு 4 நிமிடம் 10 விநாடி எடுத்த கணினி, இப்போது 3 நிமிடம் எடுத்தது. ஒரு சென்கூடச் செலவாகவில்லை. ஆயினும், வட்டு இன்னும் 100 விழுக்காட்டிலேயே நின்றது. இனிச் செலவழிக்க வேண்டிய இடம் எது என்பதில் ஐயம் இல்லை.

அளவுப் புத்தகம் எங்கே?

மாமா திருப்புளியை எடுத்ததும் அம்மா குறுக்கிட்டார்.

“தம்பி, நில்லுங்கள். என் அளவுப் புத்தகம் அதற்குள்தானே இருக்கிறது?”

அம்மாவிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஏறத்தாழ 140 பேரின் உடல் அளவுகளும் அந்தக் கணினியில் ஓர் அட்டவணையாக இருந்தன. யாருக்குக் கழுத்து எவ்வளவு இறக்கம், யார் எவ்வளவு முன்பணம் கொடுத்தார் என்பதெல்லாம் அதில்தான். வேறெங்கும் படி இல்லை. தாத்தாவின் படங்களும் அதில் இருந்தன.

“நல்ல வேளை கேட்டீர்கள், அக்கா. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்,” என்று மாமா திருப்புளியைக் கீழே வைத்தார்.

மகள் எல்லாவற்றையும் ஒரு விரலியில் படியெடுக்கத் தொடங்கினாள். அம்மாவின் அட்டவணை சில விநாடிகளில் படியாகிவிட்டது. ஆனால், படங்கள் இருந்த கோப்புறையில் வேலை நின்று நின்று நகர்ந்தது. மாமா வன்தட்டின் நிலையைச் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டார். தட்டின் சில பகுதிகள் ஏற்கெனவே பழுதடைந்துவிட்டன என்று அது காட்டியது. இரவு முழுவதும் ஓடவிட்டும் ஒரு திருமணத்தில் எடுத்த இரண்டு படங்களை மட்டும் மீட்க முடியவில்லை. மற்றவை பிழைத்தன.

காலையில் மகள் அந்த விரலியை மாமாவின் மடிக்கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்புறையையும் திறந்து பார்த்தாள். “திறந்து பார்த்த பிறகுதான் அதைப் படி என்று சொல்ல வேண்டும்,” என்றார் மாமா. இன்னும் சில மாதங்கள் தள்ளிப்போட்டிருந்தால், தீபாவளிக் கூட்டத்தின் நடுவே அம்மா 140 பேரையும் மறுபடி அளவெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

400 ரிங்கிட்டில் எவ்வளவு?

வாங்க வேண்டியவை இரண்டே பொருள்கள். ஒன்று, 480 ஜிகாபைட் கொள்ளளவு கொண்ட எஸ்.எஸ்.டி. அதற்கு 135 ரிங்கிட் ஆனது. மற்றொன்று, பயன்படுத்திய 4 ஜிகாபைட் நினைவகத் தகடு. அதற்கு 45 ரிங்கிட்.

நினைவகத் தகடு வாங்குவதில் கவனம் தேவை. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என அதில் தலைமுறைகள் உள்ளன. ஒன்று பொருந்தும் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். ஆகவே, மகள் பழைய தகட்டில் எழுதியிருந்ததைப் படம் பிடித்துக் கடைக்குக் கொண்டு சென்றாள். ஒரே அளவுள்ள இரண்டு தகடுகளைச் சரியான துளைகளில் பொருத்தினால், மையச் செயலகம் இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் தகவலைப் பெறலாம். தனி வரைகலை அட்டை இல்லாத மலிவுக் கணினிகளுக்கு இது மேலும் உதவும். ஏனெனில், அவற்றில் படம் வரையும் வேலைக்கும் அதே நினைவகம்தான் பயன்படுகிறது.

அடுத்துக் கேள்வி எழுந்தது இயங்குதளத்தைப் பற்றி. வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடித்துக்கொண்டது. பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்காத இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவது பூட்டில்லா வீட்டில் உறங்குவதற்கு ஒப்பாகும். அவர்களின் மையச் செயலகமோ வின்டோஸ் 11இன் ஏற்புப் பட்டியலில் இல்லை. ஆகவே, மாமா லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தைப் பரிந்துரைத்தார்.

அதையும் அவர்கள் உடனே நிறுவவில்லை. லினக்ஸை ஒரு விரலியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிச் சோதிக்க முடியும். மகள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டாள். கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவியில் திறந்தது. அம்மாவின் அட்டவணை லிப்ரே ஆபிசில் திறந்தது. தமிழில் தட்டச்சு செய்ய முடிந்தது. அச்சுப்பொறியும் வேலை செய்தது. ஆனால், தம்பிக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று அதில் இயங்கவில்லை. அவன் முகம் வாடியது.

“எல்லாம் கிடைக்காதுடா, கண்ணு. வேறு சில விளையாட்டுகள் ஓடும். அவற்றுக்கு ஒரு வழி சொல்கிறேன், கேள்,” என்றார் மாமா. திரையில் 1920க்கு 1080 என்ற அளவில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 1280க்கு 720 என்று குறைத்தால் 9.2 இலட்சம் புள்ளிகளே. கணினி வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் குறைவாகிவிடும். படம் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் விளையாட்டு தடையின்றி ஓடும். தம்பி உடனே அதைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

எல்லாப் பழைய கணினிகளையும் இவ்வாறு காப்பாற்ற முடியாது. அளந்து பார்க்கும்போது மையச் செயலகமே இடைவிடாமல் 100 விழுக்காட்டில் நின்றால், எஸ்.எஸ்.டி.யும் நினைவகமும் அதிகம் உதவா. காணொலி தொகுப்பது போன்ற கடினமான பணிகளில் இவ்வாறு நேரும். தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் உப்பியிருந்தால், அதில் மேலும் பணம் போடுவது வீண். பழுதுபார்க்கும் செலவு, அதே திறனுள்ள இன்னொரு கணினியின் விலையை நெருங்கினாலும் நிறுத்திக்கொள்வதே நல்லது. ஊசியை மாற்றியும் தையல் விழவில்லை என்றால், அப்போது இயந்திரத்தைச் சந்தேகிப்பது நியாயமே.

கழற்றி எடுத்த பாகங்களைக் குப்பைத் தொட்டியில் எறியக்கூடாது. மலேசியாவில் மின்னணுக் கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவாகக் கருதப்படுகிறது. அதில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும். மாமா பழைய வன்தட்டை எவரும் படிக்க முடியாதவாறு சிதைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்தார். வாடிக்கையாளர்களின் அளவும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன அல்லவா?

மைலோ டின்னில் மீதம் 220 ரிங்கிட் இருந்தது. மறுவாரம் தையல் இயந்திரத்தின் மோட்டார் அந்தப் பணத்தில் சீரானது. அன்று மாலை முதல் தீபாவளி ஆர்டரைப் பதிவு செய்வதற்காக அம்மா கணினியின் விசையை அழுத்தினார். பழைய பழக்கத்தில் ஒரு ரவிக்கையையும் கொக்கிகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் ஊசியில் நூலைக் கோப்பதற்குள் திரை தயாராகிவிட்டது.

“அம்மா, 31 விநாடி,” என்றாள் மகள், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே.

அருஞ்சொற்பொருள்

இடுபணி – ஆசிரியர் மாணவர்க்குக் கொடுக்கும் பாடவேலை
விரலி – கணினியில் செருகிப் பயன்படுத்தும் சிறிய சேமிப்புக் கருவி
நீட்சி – உலாவியோடு இணைத்துக்கொள்ளும் துணை மென்பொருள்
நிலைமின் – பொருளின் மேல் தேங்கி நிற்கும் மின்னூட்டம்
தாய்ப்பலகை – கணினியின் பாகங்களை இணைக்கும் மின்சுற்றுப் பலகை

கருத்துணர் கேள்விகள்

1. மைலோ டின்னில் இருந்த பணத்தைத் தவறாகச் செலவழித்தால் அக்குடும்பத்துக்கு என்ன நேர்ந்திருக்கும்?
2. வேகமான மையச் செயலகம் வாங்கியிருந்தால் ஏன் பயன் கிடைத்திருக்காது? ரொட்டி சானாய்க் கடை உவமையைக் கொண்டு விளக்குக.
3. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிவிநாடி ஆகும்? கணக்கிடுக.
4. “திறந்து பார்த்த பிறகுதான் அதைப் படி என்று சொல்ல வேண்டும்.” மாமா இவ்வாறு கூறக் காரணம் என்ன?
5. லினக்ஸ் மின்டை நிறுவியதால் அக்குடும்பம் பெற்றதும் இழந்ததும் யாவை? அம்முடிவு சரியானதா? உம் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.

செயல்பாடு

“ஊசி மழுங்கியிருக்க, இயந்திரத்தைக் குறை கூறாதே.” இக்கருத்துக்குப் பொருந்தும் சூழல் ஒன்றைக் கணினி அல்லாத வேறு துறையிலிருந்து தேர்ந்தெடுத்து, 120 சொற்களில் ஒரு பத்தி எழுதுக.